மாதா பிரார்த்தனை விடுபட்ட நாள்

பிரான்காச்சோ, பலெர்மோ
24 நவம்பர் 2024

அன்புள்ள அகஸ்ரீனாவுக்கு,

சுகமாயிருக்கிறேன் என்று தொடங்குவதுதான் முறை. இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். நீர் உமது அண்ணனைக் கூட்டிக்கொண்டு றெஜ்ஜியோ எமிலியாவுக்குப் போய் இன்றோடு மூன்று கிழமை. என் இலக்கத்தை உமது போனில் அடைத்து வைத்திருக்கிறீர் என்று றஜிதா சொல்லித்தான் தெரியும். "அப்பா, போனை விடுங்கோ. அம்மாக்குக் கடிதம் எழுதுங்கோ, கடிதத்தை அடைக்க ஏலாது" என்றாள். எங்கள் மகளுக்கு வாய் நீளம், மூளையும் உண்டு.

மச்சானின் கண் எப்படி? வலக்கண்ணில் புகார்மூட்டம் கலைந்துவிட்டதா? டொக்டர்கள் என்ன சொல்கிறார்கள்?

அன்று றஜிதாவின் நிச்சயத்துக்கு நான் வடித்த சாராயத்தில் என்ன பிழை என்று எனக்கும் விளங்கவில்லை. இருபது வருடமாக அதே பானை, அதே செப்புக் குழாய், நான் சமைத்துக் கொடுக்கிற இத்தாலிய மனிசி செஞ்ஞோராவின் தம்பி தோட்டத்துத் திராட்சைச் சக்கை. வழமைபோல நஞ்சுள்ள முதல் வடியைப் புறம்பாக எடுத்து ஊற்றிவிட்டு, நடு வடியைத்தான் போத்தலில் பிடித்தேன். கடை வடி தொடங்க அடுப்பை நிறுத்தினேன். சக்கை பழுதாகியிருக்கலாம். மச்சானுக்குச் சீனி வருத்தமும் இருக்கிறதே, அதுவாகவும் இருக்கலாம்.

மே முப்பத்தோராம் திகதி கல்யாணம். மாப்பிள்ளை கொட்வின் வீட்டார் நீர் எங்கே என்று கேட்கிறார்கள். அண்ணனைப் பார்க்கப் போயிருக்கிறா என்று சொல்லி வைத்திருக்கிறேன். எத்தனை நாளைக்கு இதைச் சொல்வது?

கிறிகோரி


றெஜ்ஜியோ எமிலியா
9 டிசம்பர் 2024

றஜிதாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுதுவதே நல்லது. போனில் கதைத்தால் நீங்கள் கதையை வேறு பக்கம் திருப்பிவிடுவீர்கள், நானும் களைப்பில் சரி என்று வைத்துவிடுவேன்.

அண்ணனுக்கு இடக்கண்ணில் பார்வை திரும்பிவிட்டது. வலக்கண் திரும்பாது என்று போன செவ்வாய் சொல்லிவிட்டார்கள். சாமான் வான் ஓட்டுகிற வேலை போயிற்று. மனைவியைப் பறிகொடுத்த மனிதர், தேநீரை ஊற்றும்போது கோப்பைக்கு வெளியே ஊற்றுகிறார். நான் துடைக்கிறேன், அவர் பார்க்காதது மாதிரி இருக்கிறார்.

சீனி வருத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்ததும் கடிதத்தை மடித்துவைத்துவிட்டுச் சமைக்கப் போனேன். மறுநாள்தான் மிச்சத்தை வாசித்தேன்.

நடந்ததை நானே எழுதுகிறேன், நீங்கள் மறந்திருந்தால். நிச்சயம் அன்று வடித்த முதல் போத்தலைத் தாய்மாமன்தான் திறக்கவேண்டும், முதல் கிளாஸ் அவருக்குத்தான். அது எங்கள் ஆட்களின் முறை. நீங்கள் ஊற்றிக் கொடுத்தீர்கள். அண்ணன் ஒரு வாய் குடித்தார், என்னைப் பார்த்தார், மிச்சத்தையும் குடித்தார். பிறகு போத்தலைத் தன் காலடியில் வைத்துக்கொண்டு ஒருவருக்கும் கொடுக்கவில்லை. மாப்பிள்ளையின் தகப்பன் கொன்ஸ்ரன்ரைன் அண்ணை "மாமன் போத்தலைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டிருக்கிறார், பெம்பிளையை விடுவாரோ தெரியாது" என்று பகிடி விட, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அரைப் போத்தல் குடித்தார். அந்தக் கழிசடையைச் சம்பந்தியின் வாயில் படவிடாமல் தானே குடித்தார்.

அடுத்த நாள் வெயில் ஏறினபிறகு "லைற்றைப் போடு பிள்ளை" என்றார். ஆஸ்பத்திரியில் என்ன குடித்தார் என்று இரண்டு தரம் கேட்டார்கள். கடையில் வாங்கிய கிராப்பாச் சாராயம் என்று பொய் சொன்னேன். வீட்டில் வடிப்பது தெரிந்தால் உங்களைப் பொலிஸ் கொண்டுபோகும் என்று பயம். ஒருநாள் கழித்துத்தான் வீட்டுச் சாமான் என்று வாயைத் திறந்தேன். அதன்பிறகுதான் சரியான மருந்து ஏற்றினார்கள். அந்த ஒருநாளை நான் சாகுமட்டும் சுமக்கவேண்டும்.

கிளாசைக் கழுவும்போது மணந்து பார்த்தேன். நகப்பூச்சு அழிக்கிற தண்ணீரின் மணம். மூக்குள்ள எவருக்கும் அது தெரியும். உங்களுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. அன்று மத்தியானம் அண்ணன் உங்களைப் பற்றிக் கதைத்ததும் எனக்குத் தெரியும். ஆகவே சக்கை பழுது என்று எனக்கு எழுதவேண்டாம்.

அகஸ்ரீனா


பிரான்காச்சோ
29 டிசம்பர் 2024

அகஸ்ரீனா,

உமது கடிதத்தைப் பாலன் பிறப்புக்கு முதல்நாள் வாசித்தேன். நல்ல பண்டிகைப் பரிசு.

முப்பது வருடம் என்னோடு குடும்பம் நடத்திவிட்டு, வீட்டுக்கு வந்த மனிதனுக்கு நான் வேண்டுமென்று நஞ்சு கொடுப்பேன் என்று நினைக்கிறீர். அப்படியென்றால் எழுதும், நேராக எழுதும். கிளாசை மணந்தேன், கோப்பையைத் துடைத்தேன் என்று சுற்றி வளைக்கவேண்டாம்.

மச்சான் கதைத்தது எனக்கு மறக்கவில்லைத்தான். சம்பந்தி வீட்டார் இருக்க, "இவர் வந்து இருபத்தாறு வருஷம். ஆக்களின்ரை படிக்கட்டுக் கழுவிக் கழுவி, இன்னும் இந்தப் பிரான்காச்சோப் பெட்டி வீட்டிலை தான்" என்றார். என் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு சொன்னார். ஓம், எனக்குக் கோபம் வந்தது. முகத்தை நீட்டிக்கொண்டுதான் ஊற்றிக் கொடுத்தேன். கோபம் வேறு, நஞ்சு வேறு.

நீர் வராவிட்டால் கல்யாணத்தை நான் தனியே நின்று நடத்துகிறேன். அதற்கும் பழகிக்கொள்வேன்.

கிறிகோரி


றெஜ்ஜியோ எமிலியா
12 ஜனவரி 2025

றஜிதாவின் அப்பாவுக்கு,

நான் சண்டை பிடிக்கவில்லை. அதற்கு உடம்பில் தெம்பு இல்லை.

ஒரேயொரு கேள்வி. முதல் வடிப் போத்தலை மாற்றமுதல் மணந்து பார்த்தீர்களா, இல்லையா? இருபது வருடத்தில் எத்தனையோ தரம் நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். மணக்காமல் மாற்ற ஏலாது என்று சொன்னதே நீங்கள்தான். அன்று மணந்திருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்தும் கொடுத்திருந்தால் நான் திரும்பி வரமாட்டேன், கல்யாணத்துக்குக் கோவிலுக்கு நேரே வந்து நேரே போவேன். மணக்கவில்லை என்றால் ஏன் என்று எழுதுங்கள்.

வேறு ஒன்றும் எழுதவேண்டாம்.

அகஸ்ரீனா


பிரான்காச்சோ
2 பெப்ரவரி 2025

அகஸ்ரீனா,

மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது. இதை வாசித்துச் சிரித்தாலும் பரவாயில்லை.

எனக்கு மணம் தெரியாது. 2020 நவம்பரில் கொவிட் வந்து நான் அறைக்குள் கிடந்தேனே, அப்போது போனது. எல்லாருக்கும் போய்த் திரும்பி வந்தது, எனக்கு வரவில்லை. வரும் வரும் என்று ஒரு வருடம் பார்த்தேன். பிறகு பார்ப்பதை விட்டேன். கோப்பி, மீன், குப்பை, கோவிலில் போடுகிற சாம்பிராணி, உமது தலையில் வைக்கிற எண்ணெய், ஒன்றும் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர். முதலில் செஞ்ஞோராவுக்குப் பயம். மணம் தெரியாத சமையல்காரனைக் குசினிக்குள் எவர் விடுவார்கள்? பிறகு எங்கள் ஆட்கள். படி கழுவுகிறவன், சட்டி கழுவுகிறவன் என்று ஆயிரம் பேர் இந்த ஊரில் உண்டு. கல்யாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் "கிறிகோரியின்ரை சாமான் இருக்கோ" என்று கேட்கிறார்களே, அது ஒன்றுதான் எனக்கு இங்கே இருந்த பெயர். மூக்கில்லாதவன் சாராயம் வடிக்கிறான் என்றால் பெயர் என்ன ஆகும்? உமக்குச் சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. ஒருநாள் சொல்லாததை அடுத்தநாள் சொல்ல இன்னும் வெட்கம். அப்படியே நாலு வருடம் போயிற்று.

எப்படி வடித்தேன் என்பதையும் எழுதுகிறேன். நீர் வேலைக்குப் போகத் தொடங்கமுதல், பல்கனியில் பானைக்குப் பக்கத்தில் நின்று செபமாலை சொல்லுவீர். ஐம்பத்துமூன்று மணியும் முடித்து, அதற்குப்பிறகு வருகிற நீண்ட மாதா பிரார்த்தனையும் சொல்லி முடித்துத்தான் குழாய்க்குக் கிட்ட மூக்கைக் கொண்டுபோவீர். "இப்ப மாத்துங்கோ" என்பீர். ஒவ்வொரு தரமும் அதே இடம். அதே பானை, அதே நெருப்பு, அதே செபம். மூக்குப் போனபிறகு நான் உமது செபத்தைப் பிடித்துக்கொண்டேன். முதல் சொட்டு விழச் செபமாலையைத் தொடங்குவேன். பிரார்த்தனையில் கடைசி "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" சொல்லியதும் போத்தலை மாற்றுவேன். நாலு வருடம் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. மாதாவே பார்த்துக்கொள்கிறா என்று நினைத்தேன். இப்போது நினைக்கப் பைத்தியக்காரத்தனம் என்று தெரிகிறது.

நிச்சயம் நடந்தது செபமாலை மாதம். வீட்டுக்குள் செலஸ்ரீனா அக்கா செபத்தை நடத்தினா, எல்லாரும் முழங்காலில். அந்நேரம்தான் முதல் சொட்டு விழ, நான் பல்கனிக் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே கேட்கிற சத்தத்தோடு எண்ணிக்கொண்டு நின்றேன். செபம் முடிந்து எல்லாரும் எழும்பும் சத்தம் கேட்டது. நான் போத்தலை மாற்றினேன். அவர்கள் அன்று பிரார்த்தனையைச் சொல்லவில்லை, செபமாலையோடு நிறுத்திவிட்டார்கள் என்பது என் மண்டைக்கு ஏறவில்லை. மச்சான் மத்தியானம் சொன்னதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் கனபேர் என்று பானையையும் கழுத்துவரை நிரப்பியிருந்தேன். நிரம்பிய பானைக்கு முதல் வடியும் கூட, அது இன்னும் வந்துகொண்டிருந்தது. அதைத்தான் நல்ல போத்தலில் பிடித்தேன், அதைத்தான் கொடுத்தேன்.

உமது கேள்விக்குப் பதில், மணக்கவில்லை. மணந்தாலும் தெரிந்திருக்காது.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன செவ்வாய் செஞ்ஞோரா வீட்டில் பால் பொங்கி அடுப்பு நூர்ந்துவிட்டது. காஸ் போய்க்கொண்டிருக்க நான் பக்கத்தில் இருந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன். எண்பத்தேழு வயது மனிசி பொல்லை ஊன்றிக்கொண்டு ஓடிவந்து அடைத்தா. அவவுக்கு முன்னால் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவ ஒன்றும் ஏசவில்லை. தம்பிக்காரன்தான் வந்து, இனி குசினி வேண்டாம், படிக்கட்டு மட்டும் போதும் என்றார்.

கிறிகோரி


றெஜ்ஜியோ எமிலியா
20 பெப்ரவரி 2025

றஜிதாவின் அப்பாவுக்கு,

வாசித்தேன். சிரிக்கவில்லை.

நம்புகிறேனா என்று கேட்டால், நம்புகிறேன். வாசிக்க வாசிக்க ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சோறு அடிப்பிடித்துப் புகை வரும், நீங்கள் குசினியில் நின்று ரேடியோ கேட்பீர்கள். நான் கத்துவேன். அதிகம் வேலை, கவனம் இல்லை என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். எனக்கும் கண் இருக்கத்தான் செய்தது.

ஒன்றைச் சொல்லவேண்டும். போன வருடத்துக்கு முதல் வருடம், தபசு காலத்தில், கபோச் சந்தையில் மத்தி மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். மீன் பழுது. நான் வாயில் வைத்ததும் துப்பினேன். நீங்கள் அதற்குமுதல் ஒரு கோப்பை சோறும் குழம்பும் சாப்பிட்டு "நல்லாயிருக்கு" என்று சொல்லி முடித்திருந்தீர்கள். என் மனம் நோகக்கூடாது என்றுதான் சாப்பிட்டீர்கள் என்று நினைத்தேன். அன்று எனக்கு அழுகை வந்தது, சந்தோசத்தில். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு பிறகு எத்தனையோ கோபத்தை விட்டிருக்கிறேன். இப்போது பார்த்தால் அதுவும் இல்லை. உங்களுக்கு மணமே தெரியவில்லை, அவ்வளவுதான்.

மற்றது, பிரார்த்தனை. அதை விடச் சொன்னது செலஸ்ரீனா அக்கா இல்லை. நான். மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டு அன்றிரவே தூரம் திரும்பவேண்டும், இடியப்பம் ஆறிக்கொண்டிருந்தது. அவவின் காதுக்குள் போய், "அக்கா, இண்டைக்குப் பிரார்த்தனை வேண்டாம், சனம் சாப்பிடட்டும்" என்று நான்தான் சொன்னேன். பல்கனியில் ஒருவர் அதை எண்ணிக்கொண்டு நிற்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு சொல் சொல்லியிருந்தால் நானே வந்து மணந்திருப்பேன். ஐந்தடி தூரம்.

உங்களில் கோபமா, என்னிலா என்று பிரித்தெடுக்க முடியவில்லை. முயற்சிக்கவும் இல்லை. காலையில் எழும்பி அண்ணனுக்கு ஊசி போடவேண்டும், சமைக்கவேண்டும், அதற்குமேல் ஏலாது.

அண்ணனுக்கு நான் சொல்லமாட்டேன். உங்களுக்காக ஒருதரம் ஆஸ்பத்திரியில் பொய் சொன்னேன். இனி உங்களுக்காக உண்மையும் சொல்லமாட்டேன். நீங்களே எழுதுங்கள். அவருக்கு எழுத்து ஒன்றோடொன்று கலந்து ஓடுகிறது, நான் வாசித்துக் காட்டுகிறேன், அவ்வளவுதான்.

வடித்து வேறு வீடுகளுக்கும் கொடுத்தீர்களே, அவற்றை என்ன செய்தீர்கள்?

அகஸ்ரீனா


பிரான்காச்சோ
9 மார்ச் 2025

அகஸ்ரீனா,

மச்சானுக்கு எழுதியது இதற்குள் இருக்கிறது. உமக்கு எழுதியதையே சுருக்கி எழுதினேன். கூட்டிக் குறைக்கவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை எழுதிவிட்டு வெட்டினேன், ஒரு கண்ணுக்கு அந்தச் சொல் காணாது என்று பட்டது. பிறகு திரும்பவும் எழுதினேன். வெட்டின அடையாளம் தெரியும்.

போன ஞாயிறு பூசை முடிய மண்டபத்தில் எழும்பி நின்று சொன்னேன். நாலு வருடமாக எனக்கு மணம் தெரியாது, நான் வடித்தது எவர் வீட்டிலாவது இருந்தால் குடிக்கவேண்டாம், ஊற்றுங்கள் என்றேன். பிறகு விக்னராஜா "அண்ணை, அப்ப என்ரை கலியாணத்துக்குத் தந்தது?" என்று கேட்டான். அதுவும்தான் என்றேன்.

அதற்குப்பிறகு பஸ் பிடித்து வீடு வீடாகப் போனேன். பதினொரு போத்தல் சேர்ந்தது. ஒருவர் கதவைத் திறக்கவில்லை. விமலராஜ் மட்டும் தரமாட்டேன் என்று நின்றான். "இது நல்ல சாமான் அண்ணை, போன கிழமையும் குடிச்சனான், எனக்குக் கண் நல்லாத் தெரியுது, உங்கடை தலைமயிர் கொட்டினதும் தெரியுது" என்கிறான். அரைமணித்தியாலம் வாசலில் நின்று வாங்கினேன். எல்லாவற்றையும் வீட்டுக் கழிவறையில் ஊற்றினேன். வீடு முழுக்க மணக்கிறது என்று றஜிதா யன்னல்களைத் திறந்தாள். எனக்கு ஒன்றும் இல்லை.

கொட்வின் வீட்டாருக்கும் சொல்லிவிட்டேன். கொன்ஸ்ரன்ரைன் அண்ணை, "மாமன் பிடிச்சு வைக்காட்டி அந்தப் போத்தல் என்ரை கைக்கு வந்திருக்கும்" என்றார். கல்யாணம் நிற்காது. அந்த மட்டில் கடவுளுக்குத் தோத்திரம்.

இப்போது ஒரு நாளைக்கு நாலு கட்டடம், படிக்கட்டு மட்டும். முழங்கால் சொல்வழி கேட்கிறதில்லை. வீட்டுக்கு வந்து இருப்பதைச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறேன்.

வரச்சொல்லி எழுதவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியாது. நீர் இல்லாமல் இந்த வீட்டில் இருக்க ஏலவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன்.

கிறிகோரி


றெஜ்ஜியோ எமிலியா
27 மார்ச் 2025

றஜிதாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். வெட்டின இடத்தையும் வெட்டியிருக்கிறது என்று சொன்னேன். திரும்ப வாசி என்றார். திரும்ப வாசித்தேன். இரண்டு நாள் கழித்து, நான் உடுப்பு மடித்துக்கொண்டிருக்கத் தானாகச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"வாயிலை வைச்ச உடனை எனக்குத் தெரியும் பிள்ளை. மற்றவைக்குக் குடுக்காமல் வைச்சிருந்தது சம்பந்திக்காகத்தான், அது சரி. ஆனா நான் ஏன் குடிச்சனான்? கிறிகோரி கதவடியிலை நிண்டு என்னையே பாத்துக்கொண்டு நிண்டவன். மத்தியானம் நான் கதைச்ச கதைக்கு வேணுமெண்டு தாறான் எண்டு நினைச்சன். அவன் பாக்க நான் ஊத்தமாட்டன், குடிச்சுக் காட்டுறன் எண்டு குடிச்சனான். பாவி தெரியாமல் தந்தவன் எண்டு தெரிஞ்சிருந்தா, அப்பவே எழும்பிப் போய் வோஷ்பேசினுக்கை ஊத்திப்போட்டு, மச்சான் இது பிழைச்சுப் போச்சு எண்டு சொல்லியிருப்பன்."

அதற்குப்பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுதாரா தெரியாது, அந்தக் கண்ணில் எந்நேரமும் தண்ணீர்தான்.

இதை உங்களுக்கு எழுதாமல் விடலாமா என்று நினைத்தேன். அறிந்து என்ன செய்யப் போகிறீர்கள்? ஆனால் ஒளித்து ஒளித்துத்தான் இவ்வளவும் வந்தது. இனி ஒன்றையும் ஒளிக்க எனக்குத் தெம்பு இல்லை.

ஏப்ரல் ஐந்தாம் திகதி இரண்டுபேரும் ரயிலில் வருகிறோம். அண்ணன் கல்யாணம் முடியுமட்டும் எங்களோடு இருப்பார், அதற்குப்பிறகும் இருக்கலாம். மன்னித்துவிட்டேனா என்று ஸ்டேசனில் வைத்துக் கேட்கவேண்டாம், எனக்கே தெரியாது.

பெட்டிகளை நான் இறக்கிக்கொள்வேன். அண்ணனுக்கு இறங்கும்போது வலப்பக்கம் தெரியாது, யாராவது கை கொடுக்கவேண்டும். நீங்கள் கொடுங்கள். நீங்கள் யார் என்று முதலில் வாயைத் திறந்து சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

அகஸ்ரீனா